வாய்மொழித் தேர்வு முடியும்வரை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலைக்குப் போய் வருகிறேன். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். பெரியப்பாவுக்கு நீ அனுப்பும் "நல்லா இருக்கேன்" என்ற இரண்டு சொல்லை அவர் வாராவாரம் போனை நீட்டி எனக்குக் காட்டுகிறார். ஏழு வாரமாக உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் எனக்குப் பேச வந்திருக்காது, கடையில் நாலு பேர் நின்றால் மீதிச் சில்லறை கேட்கவே நாக்கு எழாதவள் நான் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ அனுப்பிய படிவம் செவ்வாய்க்கிழமை வந்தது. பிரெஞ்சும் வேண்டாம், ஸ்பானிஷும் வேண்டாம், அடுத்த மாதம் ஸ்பானிஷ் பேசும் நாட்டில் தங்கிப் படிக்கத் தொடங்க வேண்டிய ஆறு மாதமும் வேண்டாம், படிப்பிலிருந்தே விலகிக்கொள்கிறேன் என்று நிரப்பி, உதவித்தொகைக்குப் பொறுப்பேற்றவர் என்ற இடத்தில் என் கையெழுத்தைக் கேட்டிருக்கிறாய். ஒரு துண்டுச் சீட்டு வைத்திருப்பாயோ என்று உறையை இரண்டு முறை உதறிப் பார்த்தேன்.

வீடு இருந்தபடி இருக்கிறது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, வாஷர் மாற்ற ஆள் கூப்பிட மனம் வராமல் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன். கீழ் வீட்டுத் தையல்காரம்மா தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மேலே வருகிறார், ஒருநாள் பொத்தான் கேட்டு, ஒருநாள் கத்தரிக்கோல் கேட்டு. தையல்காரிக்குக் கத்தரிக்கோல் இரவல் கொடுக்கிற வீடு ஊரிலேயே நம்முடையது ஒன்றுதான் இருக்கும். லிஃப்ட் கம்பெனியிலிருந்து அப்பாவின் சூப்பர்வைசர் வந்து கருவிப் பையை வாங்கிப் போனார். பிரெஞ்சு என்பது மூக்கடைத்தவன் பேசுகிற பாஷை, ஸ்பானிஷ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் பேசுகிற பாஷை என்று அப்பா அங்கே எல்லோருக்கும் பாடம் எடுத்திருக்கிறார். என் பொண்ணு ரெண்டு பாஷையிலயும் திட்டுவா, நீங்க புரியாம சிரிச்சுக்கிட்டு நிப்பீங்க என்று சொல்லி மிரட்டி வைத்திருந்தாராம். சூப்பர்வைசர் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பையை எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா போனதை உன்னிடமிருந்து பதினொரு நாள் மறைத்தேன். அதை யார் தலையிலும் போட மாட்டேன். பெரியப்பா அன்றைக்கே சொன்னார், "பிள்ளைக்குச் சொல்லிரும்மா. இல்லன்னா நாளைக்கு நம்ம முகத்துல முழிக்க மாட்டா." நான்தான் அவர் கையிலிருந்து போனை வாங்கி வைத்தேன். அந்த நாள் எப்படிப் போயிற்று என்று நான் உனக்கு இதுவரை சொல்லவில்லை, நீ கேட்கவும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலையில் வழக்கம்போல அவசரமாகச் சாப்பிட்டு, சட்டையில் சிந்திக்கொண்டு, வேறு சட்டை மாற்றிக்கொண்டு போனார். எட்டு மாடிக் கட்டடம், லிஃப்ட்டை நிறுத்திவிட்டு மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் படியேறியிருக்கிறார். ஆறாவது மாடிப் படியில் காவலாளி கூட இருந்திருக்கிறார். கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தாராம், அவ்வளவுதான். வலி என்று சொல்லவில்லையாம், நான் காவலாளியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், சொல்லவில்லை என்றே சொன்னார். என் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். நான் ரெக்கார்டு அறையில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தேன், வாசலில் பெரியப்பா வந்து நின்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு நாள் விடுப்பு முடிந்து திரும்பியபோது அவருடைய கோப்பும் என் மேஜைமேல் வந்திருந்த கட்டுக்குள் இருந்தது. எண் போட்டேன், வரிசையில் வைத்தேன். வேறு யாரும் அதைத் தொட வேண்டாம் என்று நினைத்தேன்.

இனி நீ கடைசியாகப் போனில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உன் வாய்மொழித் தேர்வுக்கு அப்போது பதினொரு நாள் இருந்தது. மூன்று பேராசிரியர்கள் முன்னால் இருபது நிமிடம் தாள் பார்க்காமல் பிரெஞ்சில் பேச வேண்டும், தவறினால் ஒரு வருடமும் போகும், உதவித்தொகையும் போகும். ஒரு மாதமாக நீ வாரத்தில் மூன்று நாள் மாலை ஏழு மணிக்குக் கூப்பிட்டு அந்தப் பேச்சை அப்பாவிடம் சொல்லிப் பார்ப்பாய். அவருக்கு ஒரு சொல் புரியாது. குறுக்கே பேசினால் உனக்கு ஓட்டம் தடைப்படுகிறது என்று நீ வாயைத் திறக்கக் கூடாதென்று சொல்லிவிட்டதால், போனை மேஜையில் வைத்து, நீ நிறுத்தும்போதெல்லாம் அதன் முதுகில் நகத்தால் ஒரு தட்டுத் தட்டுவார், கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே போ என்று. முடிந்ததும் நீ அதன் கதையைத் தமிழில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வாய், மீன் அடைக்கும் தொழிற்சாலையில் அந்தக் காலத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்த கதை. அவர் அதை நேற்று நடந்ததுபோல் எடுத்துக்கொண்டார். அடுத்து நீ கூப்பிட வேண்டிய நாளில் சாப்பிடும்போது என்னிடம், "இன்னிக்காவது அந்த முதலாளி இறங்கி வருவானா பாரு" என்பார். செத்து நூறு வருடம் ஆன முதலாளி என்று நான் சொன்னால், ஆனாலும் முதலாளிதானே என்பார்.

அவர் போன மறுநாள் நீ கூப்பிட்டபோது, அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, டாக்டர் பேசக் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்றேன். நீ விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். ஆனால் நீ சிரித்தாய். பேச வேண்டாம்மா, அவர் எப்பவும்போல தட்டினா போதும், போனைப் பக்கத்துல வை என்றாய். வைத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. நீ நிறுத்தினாய், நான் தட்டினேன். அப்படி நான்கு முறை, நான்கு மாலை. ஏழு மணி ஆனதும் வந்திருந்த உறவுக்காரர்களையெல்லாம் கீழ் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன், தையல்காரம்மா அந்த அரை மணி நேரம் மிஷினை நிறுத்தி வைத்திருப்பார். நான்காவது மாலை நீ கதையின் முடிவைச் சொன்னாய். முதலாளி இறங்கி வந்துட்டான்ப்பா, கேட்ட கூலியைக் கொடுத்துட்டான், அந்தப் பொம்பளைங்க ஊர்வலமா பாட்டுப் பாடிக்கிட்டுப் போனாங்க என்றாய். அவர் காத்திருந்த செய்தி அது, அது எனக்கு வந்து சேர்ந்தது. நான் தட்டினேன்.

தேர்வு நன்றாக நடந்தது என்று நீ கூப்பிட்ட அன்றைக்கே அப்பா போனதைச் சொன்னேன். நீ அழவில்லை. நாள் எண்ணினாய், நான் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒன்று இரண்டு என்று பதினொன்று வரை. பிறகு, "அப்போ நான் யாருக்கும்மா பேசினேன்?" என்றாய். எனக்குத்தான் என்று சொன்னேன். அது உண்மை, ஆனால் அப்போது சொல்ல வேண்டிய உண்மை அதுவாக இருந்திருக்க வேண்டாம்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன், நீ மன்னிப்பதற்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன், அதற்கு மூன்று வருடத்துக்குப் பதில் ஐந்து வருடம் ஆனது என்பதைச் சொன்னதில்லை. கடைசித் தேர்வன்று காலையில் என் அப்பா இறந்த செய்தியைக் கல்லூரி வாசலில் வந்து சொன்னார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே போய் உட்கார்ந்து வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுபடி எழுத இரண்டு வருடம் ஆயிற்று, அதற்குள் வீட்டில் கல்யாணப் பேச்சு, வேலை, எல்லாம் என் கையை மீறி நடந்தது. நீ அப்படி ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது என்று மட்டும்தான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்குச் சொன்னார்கள் என்பதையும், மத்தியானம் போய் என் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன் என்பதையும் நான் நினைக்கவில்லை. தாளை இரண்டு வருடம் கழித்தாவது எழுதிவிட்டேன். உனக்கு நான் வைக்காமல் போனது அந்த மத்தியானத்தை. அதைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போடாமல் வைத்திருந்தால் கெடு தாண்டிவிடும், நீயும் வேறு வழியின்றிப் படிக்கப் போய்விடுவாய் என்று புதன்கிழமை முழுக்க யோசித்தேன். அது அந்தப் பதினொரு நாளோடு சேர்ந்து பன்னிரண்டாவது நாளாகிவிடும். தந்தை பெயர் என்ற கட்டத்தை நீ காலியாக விட்டிருந்தாய், அதில் அவர் பெயரை எழுதி, பக்கத்தில் காலமானார் என்றும் எழுதினேன். அந்தச் சொல்லை நான் என் கையால் எழுதியது இதுதான் முதல் தடவை, எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். இரண்டாம் பக்கத்தில் நீயும் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம். நீ படிக்க வேண்டும் என்பது என் ஆசை, மறைக்கவில்லை. ஆனால் உனக்காக இனி நான் எதையும் முடிவு செய்யப் போவதில்லை. எது செய்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு. அறையில் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்காதே, பக்கத்து அறைப் பெண்ணிடமாவது எந்தப் பாஷையிலாவது நாலு வார்த்தை பேசு. வீட்டுக்கு வர வேண்டும் என்று தோன்றினால் சொல்லிக்கொண்டெல்லாம் வர வேண்டாம். அப்படியே வந்துவிடு.

எங்கே இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். அப்பா இருந்து சொல்ல வேண்டியதையும் சேர்த்து நானே சொல்கிறேன், அவர் பெயரில் இல்லை, என் பெயரில். ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த நிமிடமே உனக்குச் சொல்லிவிட வேண்டும், நீ பரீட்சை அறைக்குள்ளேயே இருந்தாலும் ஆளனுப்பி வெளியே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று பெரியப்பாவிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தையல்காரம்மாவிடமும் ஒரு பிரதி இருக்கிறது. இப்போது எனக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

உன்னிடம் இனி எதையும் மறைக்காத,
அம்மா