மடி கொடுக்காத மாமன்

தலவாக்கலை,
4.8.1957

அன்புள்ள நாகலெட்சுமி அக்காவுக்குத் தம்பி சோலைமலை எழுதுவது.

கோபமும் இல்லை, கொழுப்பும் இல்லை. அன்றைக்கு என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். மூன்று கடிதத்திலும் நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

பாப்பா சண்முகவடிவுக்குக் காது குத்த ஆசாரி ஊசியோடு காத்திருக்க, தாய்மாமன் நான் கம்மலை உன் கையில் திணித்துவிட்டு, "லொறிக்கு நேரமாச்சு" என்று அட்டன் பஸ்ஸுக்கு ஓடினேன். "மடி குடுக்க மனசில்லாதவனெல்லாம் ஒரு மாமனா?" என்று உன் மாமியார் பேச்சியம்மா அத்தை கத்தியது லயத்து வரிசையின் கடைசி வீடு வரை கேட்டது. அவர் கத்தியதில் தப்பில்லை. ஆனால் அந்த மணைப்பலகையைப் பார்த்ததுமே எனக்கு வேர்த்துவிட்டது. அன்றைக்கு உன் வீட்டுக்கு வந்ததே பஸ்ஸில் நின்றபடிதான்.

முதுகெலும்பு முடிகிற இடத்தில், பிட்டத்துப் பிளவுக்கு மேலே, ஒரு கட்டி. மாசியில் வந்தது. பழுக்கும், உடையும், நாறும், ஆறும், மறுபடி வீங்கும். எங்கள் தேயிலை லொறி டிரைவர் அந்தோனிமுத்து அண்ணன், "மூலம்டா, காரத்தக் கொறச்சுக்க" என்றார். தோட்டத்து டிஸ்பென்சர் வேட்டியை அவிழ்க்கச் சொல்வாரே என்று அவரிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லி மாத்திரை வாங்கினேன். உள்ளே வேறு பயம். டவுனில் திரிகிறவன், கெட்ட சீக்கை வாங்கி வந்துவிட்டான் என்று லயத்தில் கிளப்பிவிட்டால்? அது மஸ்கெலியாவில் உன் வீடு வரை வந்து உன் தலையில்தானே விடியும்? அதனால்தான் உன்னிடமும் வாயைத் திறக்கவில்லை.

ஆனியில் காய்ச்சல் நிஜமாகவே வந்தது. தேயிலைப் பெட்டி இறக்கும்போது கீழே விழுந்துவிட்டேன். அந்தோனிமுத்து அண்ணன்தான் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சிங்கள டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தார், சிரித்தார். நர்ஸ் ஜோசப்பின் நம்மைப் போலத் தோட்டத்துப் பெண். அவள் தமிழில் சொன்னாள்: "பயப்படாதீங்க. மூலமும் இல்ல, கெட்ட சீக்கும் இல்ல. முடி உள்ள போயிருக்கு." உலகச் சண்டைக் காலத்தில் ஜீப்பில் குலுங்கிப் போன சிப்பாய்களுக்கு இது நிறைய வந்ததாம். உட்கார்ந்தே குலுங்கும்போது உதிர்ந்த முடி அந்தப் பிளவில் தோலைக் குத்தி இறங்கி, உள்ளே சீழ் கட்டிவிடுமாம். நான் லொறிக்குப் பின்னால் தகரத்தில் உட்கார்ந்து குலுங்குகிறவன்தானே.

அக்கா, எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அஞ்சு மாசம் நான் பயந்து செத்தது முடிக்கா?

ஊசி போட்டுக் கீறி எடுத்ததைத் தட்டில் காட்டினார்கள். ஒரு கொத்து முடி. காயத்தைத் தைக்கவில்லை. அடியிலிருந்து ஆறி வரவேண்டுமாம், மேலே மட்டும் மூடிக்கொண்டால் திரும்ப வருமாம். தினமும் உப்பு வெந்நீரில் உட்கார்ந்து கழுவி, சுத்தமான துணி வைக்க வேண்டும். சுற்றியுள்ள முடியை மழிக்க வேண்டும். மூன்று மாதம் லொறி கூடாது. எல்லாம் சரி, அந்த இடத்துக்கு எனக்குக் கையும் எட்டாது, கண்ணும் எட்டாது. அப்பாதான் செய்கிறார். நான் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து என்னோடு பேசாத மனுஷன். இப்போதும் பேசுவதில்லை. "திரும்பு" என்பார், அவ்வளவுதான். மலைக்கு வேலைக்குப் போகும் முன்னால் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை. பழைய வேட்டியைக் கிழித்து, அவித்து, காயவைத்து அடுக்கி வைத்திருக்கிறார்.

காயம் இப்போது ஒரு நெல்லளவுதான் பாக்கி.

அன்றைக்கு நின்றுபோன காதுகுத்தை ஆவணி முதல் வெள்ளி, உன் கொழுந்தன் மடியில் வைத்து நடத்தப்போவதாக அத்தை சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் அக்கா. நாள் அதே நாளாக இருக்கட்டும், மடியை மட்டும் மாற்றாதே. நான் வருகிறேன். அத்தையிடம் இடுப்பில் கட்டி என்று சொல். இடத்தைச் சொன்னால் உன்னைக் கொன்றுவிடுவேன். பாப்பா எவ்வளவு கத்தினாலும், எவ்வளவு உதைத்தாலும் நான் எழுந்திருக்க மாட்டேன்.

நம்பிக்கை இல்லையா? இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெறும் பலகையில்.

அப்பா வெந்நீரை வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார். ஆறிப்போகும். போகிறேன்.

சோலைமலை