எட்டு இஞ்ச் கண்ணாடியும் நான் சொன்ன பொய்யும்

ஜூன் 9, திங்கள்
விடிஞ்சதுலிருந்து காத்து, தூசி. கஞ்சிக்கோடு கம்பெனிக்குப் போற பஸ் லேட்.
வேலை: லேசர் மெஷினுக்குச் சின்னக் கண்ணாடி பன்னெண்டு. டெலஸ்கோப் கண்ணாடி ஒண்ணு, எட்டு இஞ்ச். அலுமினியம் பூசணும். குமுளிப் பக்கம் சக்குபள்ளத்துல ஏலக்காத் தோட்டத்து டிராக்டர் டிரைவர், அருள்தாஸ்னு பேரு, அவரோடது. ஒரு வருசமா கையாலயே தேய்ச்சு வளைவு எடுத்தாராம். எங்க ஓனர் சார் சோதிச்சுப் பாத்துட்டு, அவரோட மலையாள இழுப்புல, "வளைவு அருமை, கேட்டோ"ன்னாரு.
கழுவித் துடைச்சு, பூச்சு போடற சேம்பர்ல வெக்கறப்ப கிளவுஸ் கிழிஞ்சு கட்டைவிரல் கண்ணாடில பட்டுருச்சு. திரும்ப முதல்லிருந்து கழுவணும். அஞ்சு மணி பஸ் போயிரும். கழுவாம அப்படியே சேம்பர மூடிட்டேன்.

ஜூன் 10
பாக்கப் பளபளன்னுதான் இருந்துது. பூச்சு பிடிச்சிருக்கான்னு பாக்க டேப் ஒட்டி இழுத்தேன். விரல் பட்ட இடத்துல பூச்சு உரிஞ்சு டேப்போட வந்துருச்சு.
பின்னாடியே சார். "என்னாச்சு?"
"பாலிஷ் பத்தலைங்க சார். பொடிப்பொடியாக் குழி."
வாய் தானா சொல்லிருச்சு. போன மாசம் என் கையால ரெண்டு கெட்டுது. இன்னொண்ணு கெட்டா வேற ஆள் பாத்துக்குவேன்னு சொல்லியிருந்தாரு.
அருள்தாஸண்ணனுக்குப் போன் போட்டதும் நான்தான். "அப்படியாம்மா? என் கை வேலைதான, எனக்குத் தெரியல. உங்க வேலையையும் கெடுத்துட்டேன், மன்னிச்சிருங்க."
மன்னிச்சிருங்களாம். என்கிட்ட.
பூச்சைக் கரைச்சு எடுத்து, அவர் திரும்பத் தேய்க்கறதுக்குக் கண்ணாடியப் பார்சல்ல அனுப்பியாச்சு.

ஜூன் 12
சோறு எறங்கலை. ஊட்டுக்காரர், "ஏன், ஒடம்புக்கு என்ன?" தலைவலின்னேன். இன்னொரு பொய்.
தக்காளி, சோப்பு, கரண்ட் பில்.

ஜூன் 21, சனி
அருள்தாஸண்ணன்கிட்டருந்து வாய்ஸ் மெசேஜ். "டெய்லி வேலை முடிஞ்சு வந்து ரெண்டு மணி நேரம் தேய்க்கேன்மா. இந்தத் தடவை சரியா வந்துரும்."
பாத்ரூம்ல நின்னு மூணு தடவை கேட்டேன். அப்பவே போன் போட்டுத் தேய்க்காதீங்கன்னு சொல்லியிருக்கலாம். போடலை.

ஜூன் 27, வெள்ளி
அருள்தாஸண்ணன் நேர்லயே வந்துட்டாரு. குமுளியில விடியறதுக்கு முன்ன பஸ் ஏறி, நாலு பஸ் மாறி. மடியில கண்ணாடி, போர்வையில சுத்தி.
சார் லைட் வெச்சுப் பாத்தாரு. "ஓரம் சாஞ்சு போச்சே. பழைய வளைவு போயிருச்சு."
"கூடத் தேய்ச்சுட்டேன் போல சார். என் தப்புதான்."
அதுக்கு மேல நிக்க முடியலை. "உங்க தப்பில்லைங்ணா. பாலிஷ் நல்லாத்தான் இருந்துது. என் விரல் பட்டுது. பொய் சொல்லிட்டேன்."
சார் என்னையப் பாத்தாரு. அண்ணன் கண்ணாடியையே பாத்துட்டு இருந்தாரு. "அப்ப மொதல்ல செஞ்சது சரியாத்தான் இருந்துச்சா?"
"ஆமாங்ணா."
போர்வையச் சுத்த ஆரம்பிச்சாரு. ஒரு முனையப் பிடிக்கப் போனேன், தள்ளி வெச்சுக்கிட்டாரு. கேட் வரைக்கும் பின்னாடியே போனேன்.
"இப்பச் சொன்னதுக்கு நன்றி சொல்லத் தோணலம்மா. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

ஜூன் 30, திங்கள்
மழை. சேம்பர் பக்கம் வரவேண்டாம்னுட்டாரு சார். பேக்கிங்ல உக்காந்தேன். பஞ்சு, அட்டை, கயிறு.
மத்தியானம் அருள்தாஸண்ணன் மெசேஜ். "ஓரத்தச் சரி பண்ண ஆரம்பிச்சுட்டேன். பூச்சு வேற இடத்துல போட்டுக்கிடுதேன்."
நீளமா எழுதினேன். அழிச்சேன். திரும்ப எழுதினேன்.
"சரிங்ணா"ன்னு மட்டும் அனுப்பினேன்.