வடக்கு அறையின் அமைதி

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, பல்கூடத் தேய்க்காமல், நீ உருவாக்கிய கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி ஜனங்கள் எழுதியிருக்கும் கருத்துகளைப் படித்தேன். "பரீட்சை ரிசல்ட் வந்தப்பகூட நீ இப்படிப் பறக்கலையே" என்று உன் அத்தான் கிண்டல் செய்கிறார்.

பாதிப் பேர் உன்னைக் கொண்டாடுகிறார்கள். மீதிப் பேருக்குப் பொறுமை இல்லை. "அம்மா எழுதி வைத்த கடிதங்களைத் தேடி ஒரு பெண் பாழடைந்த மாளிகைக்குள் அறை அறையாக நடக்கிறாள், சரி. பேய் எப்போது வரும்?" என்று ஒருவர். அதற்கு இன்னொருவர், "வராமல் இருப்பதுதான் பயமே, வெளக்கெண்ணெய்" என்று பதில் போட்டிருக்கிறார். வேலைக்காரம்மாவாக நான் பேசிய குரலுக்கும் ஒரு சான்றிதழ் உண்டு: "என் பழைய டீச்சர் மாதிரி. பொய் சொல்லவே வாய் வராது." சிரித்துக்கொண்டேன்.

ஆனால் அந்த மாளிகையின் வடக்கு அறையைப் பற்றி மூன்று பேர் ஒரே விஷயத்தை எழுதியிருக்கிறார்கள். எதையும் தொடாமல் அங்கே இரண்டு நிமிடம் நின்றால், யாரோ முணுமுணுப்பது கேட்கிறதாம். "ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டு விளக்கெல்லாம் போட்டேன்" என்கிறாள் ஒருத்தி. அது நீ வைத்ததுதானே?

வேளைக்குச் சாப்பிடு. கம்ப்யூட்டரிலேயே கண்ணை வைத்துக்கொண்டிருக்காதே. கண்ணாடிக் கடைக்காரி சொல்கிறேன், கேள்.

உன்
அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எந்த முணுமுணுப்பும் வைக்கவில்லை. பயந்தவர்கள் காதுக்கு எதுவும் கேட்கும். கேட்கட்டும், விற்பனைக்கு நல்லது.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? வடக்கு அறையில் இருப்பது உன் அமைதிதான். யாரும் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் வேண்டுமாம். சுத்தமாக ஒன்றும் இல்லையென்றால், ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். அதனால் எங்கள் ஒலிக்காரர், ஒவ்வொருவரும் வசனம் பேசி முடித்தபின் பதிவில் மிஞ்சுகிற அமைதியை வெட்டியெடுத்து அறைகளில் ஓடவிடுவார். மற்றவர்கள் அரை நிமிடம் மிச்சம் வைத்தார்கள். நீ பதினோரு நிமிடம்; முதல் நிமிடத்தை மட்டும் கேட்டுப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டார். "உங்க அக்கா தங்கம்ங்க" என்றார். எதிரொலிக்காமல் இருக்கப் போர்வை தொங்கவிட்ட துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசினாயே, பதிவை நிறுத்த மறந்து அங்கேயே தூங்கிவிட்டாயா?

அந்த அறைக்கு உன் அமைதி அமைந்தது எனக்குச் சந்தோஷம். அது நம் வீட்டின் எந்த அறை என்று உனக்குத் தெரியும். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று நீங்கள் சொன்னதை நான் என்றைக்கும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு ஐந்து வயசு. பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டீர்கள். அந்த அறையை நான் பார்க்கவே இல்லை. பார்க்காத அறைக்குள் நடந்து பார்க்கத்தான் நாலு வருஷம் உட்கார்ந்து இதைச் செய்தேன். கேட்டவர்களிடம் மட்டும் கலை, கதை என்று அளப்பேன்.

ஒரு நாள் ரயில் ஏறி இங்கே வந்தால் குறைந்தா போய்விடுவாய்?

அன்புடன்
குட்டி


மார்ச் 12

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் வந்த அன்று கடையில் ஒரு பெரியவருக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தேன். "இது தெளிவா, அது தெளிவா" என்று வில்லையை மாற்றி மாற்றிப் போட்டேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நான் நாலு தடவை சொல்லிட்டேன்மா. உங்களுக்குத்தான் காது கேட்கலை" என்றார்.

மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது உன் விளையாட்டைப் போட்டு வடக்கு அறைக்குள் போய் நின்று பார்த்தேன். நல்ல வெயில் நேரம். இரண்டு நிமிடம் ஆனது. ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்குக் கேட்டது பதிவில் விழுந்த பக்கத்து வீட்டுக் குழாயாக இருக்கும், அல்லது நான் ஏதாவது முனகியிருப்பேன்.

இருந்தாலும் அந்தச் சத்தத்தை எடுத்துவிடச் சொல். வேறு அமைதி வேண்டுமானால் எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் பதிவு செய்து அனுப்புகிறேன். காரணம் கேட்காதே. நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை, இதை மட்டும் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றும் இல்லாததை ஏன் எடுக்கச் சொல்கிறாய்?

எடுக்கவும் முடியாது. கருத்து எழுதுகிறவர்கள் இப்போது வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. கதையைத் திட்டியவர்கள்கூட, "வடக்கு அறைக்காக வாங்கலாம்" என்று எழுதுகிறார்கள். ஒரு பையன் பின்னணி இரைச்சலை நீக்கிப் பார்த்திருக்கிறான். ஒரு பெண்ணின் குரலாம். அழாமல் பேசுகிறதாம். அவனுக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்: "தட்டினியே."

அப்படி ஒரு வசனத்தை நான் எழுதவே இல்லை, அக்கா.

முதலில் சிரித்தேன். பிறகு என் அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் செய்த வீட்டுக்குள்ளேயே எனக்குப் பயமாக இருக்கிறது.

மூலப் பதிவு ஒலிக்காரரிடம் இருக்கிறது. வரும் ஞாயிறு மதியம் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார். பதினோரு நிமிடத்தையும் கேட்கப் போகிறேன். அதற்குள் எனக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சொல். போனில் வேண்டாம், "சரி சரி, வை" என்று வைத்துவிடுவாய். எழுது.

குட்டி


மார்ச் 22

குட்டி,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. மூன்று நாளும் கடைக்குப் போனேன், சமைத்தேன். உன் அத்தான் "என்ன, மூஞ்சி செத்துப்போச்சு" என்றார். தலைவலி என்றேன்.

அம்மா தூக்கத்தில் போகவில்லை.

ஒட்டிக்கொள்கிற காய்ச்சல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அப்பா உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு டாக்டரைக் கூட்டிவர ஓடினார். போகும்போது அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டார். "நான் வர்றவரைக்கும் திறக்காதே, உனக்கும் ஒட்டிக்கும்" என்றார். எனக்குப் பதின்மூன்று வயசு. மத்தியானம் மூன்று மணி இருக்கும்.

அம்மா தட்டினாள். தண்ணீர் கேட்டாள். டம்ளரில் எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு முன்னால் நின்றேன். அப்பா சொன்னதற்காகத் திறக்காமல் இருந்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மையில்லை. உள்ளே இருந்து வந்த குரல் அம்மாவுடையது மாதிரி இல்லை. கரகரவென்று, ஆம்பளைக் குரல் மாதிரி, என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. நான் என் அம்மாவுக்கே பயந்தேன். கதவு திறந்தால் வேறு ஏதோ வெளியே வரும் என்று நினைத்தேன். தட்டுவது நிற்கும்வரை நின்றேன். நின்ற பிறகும் நின்றேன். வாய் உலர்ந்துபோய், அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.

அப்பா வந்து என் கையில் இருந்த காலி டம்ளரைப் பார்த்தார். எல்லோரிடமும் "தூக்கத்துலேயே போயிட்டா" என்றார். சாகும்வரை அதையே சொன்னார், எனக்காக.

அலமாரிக்குள் வசனமெல்லாம் முடிந்தபின் இருட்டு பழகிவிட்டது. எனக்கு முன்னால் ஒரு மூடிய கதவு, அதற்கு மறுபக்கம் யாரும் இல்லை. அம்மாவிடம் சொல்கிற மாதிரி இதையெல்லாம் சொன்னேன். பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது என்பது நினைவிலேயே இல்லை. அன்று விளையாட்டில் வடக்கு அறையில் நின்றபோது என் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. உன்னிடம் பொய் சொன்னேன்.

உன் ஜனங்களில் ஒருத்தி அந்த ஒரு சொல்லை வைத்துக் கதை கட்டி எழுதியிருக்கிறாள்: "கதவுக்குப் பின்னால் அம்மா இருக்கிறாள் என்று தெரிந்தால், எந்தப் பிள்ளையாவது திறக்காமல் இருக்குமா?" அதற்கு நானூறு பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள். அந்த நானூறு பேரோடு நீயும் சேர்ந்துவிடுவாயோ என்றுதான் பயம். வேறு எந்தப் பயமும் எனக்கு மிச்சமில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை. நாளை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன். உன் அத்தானுக்குத் தெரியாது. கடையில் லீவு சொல்லவில்லை. ஞாயிறு காலை, அந்தப் பதிவு வருவதற்கு முன்னால், உன் வீட்டு வாசலில் இருப்பேன். இதை உன் கையில் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால், மத்தியான ரயிலில் திரும்பிவிடுவேன். நான் தட்டமாட்டேன்.

அக்கா