எவடம் அங்கிள் மேடைக்கு வரவில்லை

ஜூன் 14, சனிக்கிழமை

லண்டன் கனகு பயந்துவிட்டார்.

சின்ன வயதில், மெரிலேண்ட்ஸ் ஃபிளாட்டில், அவருடைய வீடியோ கசெட்டைத் தேயும்வரை பார்த்தோம். பாடுவார், நடிப்பார், ஆங்கிலத் தொலைக்காட்சியில் கடைக்காரராக வந்து இரண்டு வரி பேசிவிட்டுப் போவார். எங்களுக்கு அவர், கசெட்டில் போட்ட வேடமான ‘எவடம் அங்கிள்’தான். யாரைக் கண்டாலும் “ஊரில எவடம்?” என்று, அதாவது எந்தப் பகுதி என்று கேட்டுச் சாதியை மோப்பம் பிடிக்கிற அங்கிள். கடைசியில் பிள்ளையாரிடமே கேட்பார். அப்பா கதிரையில் உருண்டு சிரிப்பார். அப்பா அப்படிச் சிரித்து நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இன்று கனகுவின் நிகழ்ச்சிக்குப் போனபோது, வென்ட்வேர்த்வில் மண்டப வாசலில் ஒரு பட்டுவேட்டிக்காரர் அப்பாவிடம் அதே கேள்வியைக் கேட்டார். அப்பா மெதுவாக ஊரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். கேட்டவர் முன்வரிசையில் போய் இருந்தார். பிறகு மூன்று மணி நேரம் கனகு காதல் பாட்டுகளே பாடினார். அப்பா எவடம் அங்கிளுக்காகக் கடைசிப் பாட்டுவரை காத்திருந்தார்.

நான் மேடைக்குப் பின்னால் போனேன்.

“ஏன் எவடம் அங்கிளை விட்டனீங்கள்?”

“பிள்ளை, முன்வரிசையில இருந்தவைதான் என்னைக் கூப்பிட்டவை. அவையளையே பகிடி பண்ணேலுமே?”

“முந்தி லண்டனில அவையளைத்தானே பண்ணினனீங்கள்?”

“அப்ப எனக்கு இருபத்தாறு வயசு.” சிரித்தார். “பாட்டு நல்லா இருந்ததோ?”

“அப்பா வெளியில நிக்கிறார். அவருக்கு மட்டும் செய்து காட்டுங்கோ.”

அவர் கண்ணாடியைப் பார்த்துப் பவுடரைத் துடைத்தார்.

“ஒருக்கா, அங்கிள். இப்பவே வாங்கோ.”