பாதி வரியில் நின்ற கடிதம்

நேற்று என் மேசை இழுப்பறையில், பழைய குறிப்பேடுகளுக்கு அடியில் அந்தத் தாள் அகப்பட்டது. கசங்கியதை நீ உள்ளங்கையால் நீவி என்னிடம் கொடுத்த தாள். மேலே வங்கியின் பெயர், பிறகு உன் பெயர். கீழே ஆங்கிலத்தில் அரை வரி: ‘உங்கள் ஸ்கூட்டர் கடன் மனுவை ஏற்க இயலாததற்குக் காரணம்’. அத்துடன் நிற்கிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

அப்போது நீ மாநகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஆறு மணி டியூட்டிக்கு நம் ஸ்ரீராம்புரம் பேட்டையிலிருந்து பஸ் சரியாகக் கிடைக்காது. பாதித் தூரம் ஓடுவாய். இன்னொரு நாள் தாமதமானால் பிரசவ வார்டிலிருந்து எடுத்து மருந்து ஸ்டோரில் போட்டுவிடுவேன் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். குழந்தையைக் கையில் ஏந்தாத வேலை உனக்கு வேலையே இல்லை.

கடன் மனுவில் ஜாமீன் கையெழுத்து நான் போட்டேன். பத்திரிகைக்காரன் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம் என்று நினைப்பு. மேலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியனுப்பினார்: ஸ்ரீராம்புரம் கெட்ட பெயர் எடுத்த பேட்டை, அங்கே கடன் கிடையாது, போலீஸ், வக்கீல், பத்திரிகைக்காரர் ஜாமீனும் செல்லாது.

“கோலார் ஸ்கூல்ல கணக்குப் பரீட்சையில விடை காட்டிக் கெடுத்த. இப்ப கையெழுத்து போட்டுக் கெடுத்தியேடா, பேப்பர்காரா!”

வங்கிகளுக்குப் புதிய நடத்தை விதிகள் வந்திருந்த சமயம் அது. கடன் கொடுப்பதில் ஆண் பெண், சாதி, மதம் பார்க்கக் கூடாது என்று நானே செய்தி எழுதியிருந்தேன்.

“ஏரியா பாக்கக் கூடாதுன்னு இருக்கா?”

“இல்ல. ஆனா சின்னக் கடன மறுத்தா காரணத்த எழுதித் தரணும்.”

“அப்ப எழுதட்டும்.”

மறுநாள் டியூட்டி முடிந்து வெள்ளைச் சீருடையோடு மேலாளர் எதிரே உட்கார்ந்தாய். “காரணத்த எழுதிக் குடுங்க சார், போய்ட்றேன்.”

“நாளெ பன்னி மேடம்.” கன்னடத்தில், நாளைக்கு வாருங்கள்.

ஒரு காலத்தில், ராத்திரியில் கதவைத் தட்டும் பேய்க்குப் பயந்து நம் தெருவில் வீட்டுக்கு வீடு பேய் படித்துத் திரும்பிப் போகட்டும் என்று ‘நாளெ பா’, நாளைக்கு வா, எனக் கதவில் எழுதிவைத்தோமே, அது உனக்கு அந்தக் கணமே ஞாபகம் வந்தது.

“அது பேய்க்கு எழுதறது சார். நான் நர்ஸு. நாளைக்கு வான்னா எங்க வார்டுல எந்தக் கொழந்தையும் கேக்கறதில்ல.”

முதலில் சிரித்தவர் காசாளர். மேலாளரும் சிரித்துக்கொண்டே தாளை எடுத்தார். ‘காரணம்’ வரை எழுதினார். உன் சம்பளச் சீட்டைப் பார்த்தார். மறுபடி மனுவைப் பார்த்தார். ஒரு பேட்டையின் பெயரை மட்டும் காரணமாக எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட அவருக்குக் கை வரவில்லை. தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார்.

“வேற ஜாமீன் ஒண்ணு கொண்டு வந்துடுங்க மேடம்.”

நீ குனிந்து தாளை எடுத்தாய். “எனக்கு எழுதின லெட்டர்தானே சார் இது?”

புது ஜாமீன் போட்டவர் அதே மேட்ரன். நீல ஸ்கூட்டர் வந்த அன்றே என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மல்லேஸ்வரம் பக்கம் பறந்தாய். “இறுக்கிப் புடிடா. உன்ன நம்பி எவனும் இன்சூரன்ஸ்கூடத் தர மாட்டான்!” நம் சிரிப்பில் வண்டி ஆடியது.

அதன்பின் எந்த அலுவலகத்தில் யார் முடியாது என்றாலும், பேனாவைத் திறந்து நீட்டுவேன். “எழுதிக் குடுங்க சார்.” பல பேனாக்கள் அதே இடத்தில் நின்றிருக்கின்றன.

உன் மறைவுச் செய்தியையும் நான்தான் எழுதினேன். மூன்று வரி. ‘பணி ஓய்வு பெறும் வரை பிரசவ வார்டு நர்ஸ்’ என்பதை இரண்டு முறை சரிபார்த்தேன்.