கண் விட்டுப்போன பறவை

ஆரணி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் கிரணுக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நானும் உன் தங்கை பானுவும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறோம், டப்ளின் குளிரில் நீயும் நன்றாக இருக்க அண்ணாமலையார் துணை. உடம்பைத் தவிர மற்றவை எப்படி என்பதைப் படித்துத் தெரிந்துகொள். முதலில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "அம்மா, நீ அனுப்பின மெயில் வந்துச்சி, கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன்" என்றாய் அல்லவா, அந்தக் கையெழுத்தைப் போடாதே. நான் உனக்கு எந்த மெயிலும் அனுப்பவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது, மாப்பிள்ளை பிரபாகரன் எதிரில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார். நீ அதைச் சொன்னதும் அவர் கை ஒரு நொடி நின்று, பிறகு மறுபடி உரித்தது. தலையை மட்டும் நிமிர்த்தவில்லை. அதனால்தான் நான் சரிப்பா என்று சொல்லிவிட்டு, மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். நீ ஏதோ ரொட்டி என்றாய், என் காதில் விழவில்லை.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். என் போனை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான், எனக்கு வருகிற செய்தியெல்லாம் அவர் கம்ப்யூட்டரிலும் தெரிகிறது என்று பானுவே ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தாள். அன்று எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன், கான்வென்ட்டில் சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி ஓரம் விட்டுத்தான் எழுதுகிறேன், பதற்றம் என்பதற்காக ஒழுங்கு போய்விடக் கூடாது.

ஆயுத பூஜையன்று நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அப்பா காரியம் முடிந்து கிளம்பும்போது நீ எங்களுக்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்தாய், பானு வரைகிற டிசைன்கள் தறிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், அதன் நகல் வெளி ஹார்ட் டிஸ்கில் என் பீரோவுக்குள் இருக்க வேண்டும், சனிக்கிழமை மட்டும் வெளியே எடுத்து நகல் ஏற்றிவிட்டு மறுபடி பூட்டிவிட வேண்டும். நான் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. பூஜைக்கு முதல்நாள் சனிக்கிழமை, பானு தை முகூர்த்தத்துக்கு வரைந்து முடித்த முந்தியைத் திரையில் காட்டினாள், இரண்டு தலைப் பறவைகள் வரிசை வரிசையாக. அழகுதான், ஆனால் மூன்றாவது வரிசையில் ஒரு பறவையின் இடது தலைக்குக் கண்ணே இல்லை. திரையில் விரலை வைத்துக் காட்டினேன். "ஐயோ ஆமாம்மா, விட்டுப்போச்சு, பூஜை முடிஞ்சி வெச்சிடறேன், வரையிற பேனாவ இன்னிக்கி மூடியாச்சி" என்றாள். பூஜைக்கு மூடிய கருவியை மறுபடி திறக்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் அந்தப் பறவை கண் இல்லாமலே நகலுக்குள் போனது.

மறுநாள் தறிகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை, "இன்னா அத்தே, புஸ்தகத்தையே பூஜையில வெக்கிறோம், இத்த மட்டும் பீரோவுல பூட்டி வெச்சிகினு கீறீங்க, சரஸ்வதி கோச்சிக்கப் போறா" என்றார். பானு சிரித்தாள், நான் டிஸ்கை எடுத்துக் கொடுத்தேன். சும்மா வைத்தால் செங்கல் மாதிரி இருக்கிறது என்று அதன் நீல விளக்கு எரியும்படி பிளக்கில் மாட்டினார்கள். யு.பி.எஸ்ஸுக்கும் பொட்டு வைத்துத் தனியாக வரிசையில் உட்கார வைத்துவிட்டதால் எல்லாம் நேராகச் சுவர் பிளக்கிலேயே இருந்தன. கற்பூரம் காட்டும் நேரத்தில் காற்று வந்து வேப்பமரக் கிளை கம்பத்து ஒயர் மேல் விழுந்தது. சீரியல் பல்புகள் ஒரு கணம் வெள்ளையாக எரிந்தன, பிறகு இருட்டு, கற்பூர வாசனையோடு கருகல் வாசனை. "நியூட்ரல் அறுந்துட்சிமா, நானூறு வோல்ட்டு உள்ள பூந்துட்டுக்கீது" என்றார் லைன்மேன். தெருவில் பலருக்கு டிவியும் பிரிட்ஜும் போயின. ஆகவே அது யாரும் செய்தது அல்ல, இதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

கம்ப்யூட்டருக்குள் இருந்த டிஸ்க் சுழலும் தட்டு இல்லாத சிப் வகை, அடியோடு கருகிவிட்டது. வெளி டிஸ்கை மாப்பிள்ளை சென்னையில் தெரிந்தவரிடம் காட்டுவதாக எடுத்துப் போனார், சில நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து, "செத்துப்போச்சி அத்தே, இதுல ஒண்ணும் வராதாம்" என்று மேஜை மேல் வைத்தார். எழுத்தில் ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டேன். "இதுக்கெல்லாம் டெத் சர்ட்டிபிகேட்டா குடுப்பாங்க" என்று சிரித்தார். காரணம் எழுதாத விடுப்பை எங்கள் கான்வென்ட்டில் ஏற்க மாட்டார்கள், நானும் ஏற்கவில்லை, டிஸ்கை எடுத்துப் பீரோவில் பூட்டினேன். அந்த டிஸ்கில் டிசைன் மட்டுமா இருந்தது? உன் விசாவுக்காக நீயே ஸ்கேன் செய்து வைத்தாயே, வீட்டுப் பத்திரம், தறிக்கூடத்துப் பத்திரம், உன் பாஸ்போர்ட், உன் கையெழுத்து, என் கையெழுத்து, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்மா என்று சொல்லி.

போன வாரம் கண் பரிசோதனைக்கு என்று வேலூர் போனேன். டிஸ்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். என் பள்ளித்தோழியின் மகள் அமலா அங்கே கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து பைல்களை மீட்கிற வேலைதான் செய்கிறாள். திருகாணியைக் கழற்றி அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். "ஆன்ட்டி, இத்த ஏற்கெனவே வேலை தெரிஞ்சவங்க பிரிச்சிட்டாங்க" என்றாள். அவள் சொன்னது இது. கரன்ட் தாக்கினால் அடியில் உள்ள பச்சைப் பலகைதான் கருகும், உள்ளே தட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதே மாதிரி வேறு டிஸ்கின் பலகையை வாங்கி, கருகிய பலகையில் இருக்கிற ஒரு குட்டிச் சிப்பை மட்டும் எடுத்து அதில் பற்றவைத்தால் எல்லாவற்றையும் படித்துவிடலாம், அந்தச் சிப் ஒவ்வொரு டிஸ்குக்கும் அதனதன் சாவி மாதிரி. நம்முடைய பலகையில் அந்தச் சிப் இல்லை. கருகிப் போகவில்லை கிரண், இல்லை. ஈயத்தை உருக்கிச் சுத்தமாக எடுத்த இடம் லென்ஸில் எனக்கே தெரிந்தது. சாவியை எடுத்துக்கொண்டு பூட்டைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள், இனி நாம் மீட்பது கஷ்டம் என்றாள்.

முயன்று பார்த்து முடியாமல் போயிருக்கும், சிப்பை அங்கேயே தொலைத்திருப்பார்கள் என்று மாப்பிள்ளைக்காக நானே வாதாடிக்கொண்டு பஸ் ஏறினேன். கண்ணமங்கலத்தில் ஒரு அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள், மகள் நிச்சயத்துக்கு எடுத்த புடவையை முன் சீட்டில் இருந்த தங்கையிடம் பிரித்துக் காட்டினாள். பச்சை உடல், அரக்கு முந்தி, முந்தி நிறைய இரண்டு தலைப் பறவைகள். கொஞ்சம் கொடுங்கள் பார்க்கிறேன் என்று வாங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்றாவது வரிசை. இடது தலைக்குக் கண் இல்லை. நம் வீட்டுத் திரையைத் தவிர வேறெங்கும் இல்லாத பிழை, திருத்தப்படாமல் பட்டில் கிடந்தது. "இன்னாமா அப்டிப் பாக்குறீங்க, டேமேஜா?" என்று அந்த அம்மா பயந்துவிட்டாள். இல்லம்மா, நல்ல பட்டு, சந்தோஷமாகக் கட்டட்டும் என்று மடித்துக் கொடுத்தேன்.

பறவை வெளியே வந்துவிட்டது என்றால் அதே டிஸ்கில் இருந்த பத்திரமும் கையெழுத்தும் வந்துவிட்டன. வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில், யாரும் கேட்காமலே மாப்பிள்ளை, "கிரண் வரவே வேணாம் அத்தே, இப்பல்லாம் அங்கிருந்தே கையெழுத்து போட்டுக்கலாம்" என்றார். சனிக்கிழமை இரண்டு பேர் வந்து தறிக்கூடத்தை வாசலில் நின்று போட்டோ எடுத்தார்கள். யார் என்று கேட்டால், "மேடம், இடத்த விக்கணும்னு நீங்கதானே மெயில் போட்டு வரச் சொன்னீங்க" என்று எனக்கே வணக்கம் வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ அதையே சொன்னாய்.

பானுவுக்கு எதுவும் தெரியாது. ஏழாம் மாதம், கால் வீங்கிக் கிடக்கிறது, அந்த நிலையிலும் போன டிசைன்களை ஞாபகத்திலிருந்து மறுபடி வரைந்துகொண்டிருக்கிறாள். முதலில் அந்தப் பறவைக்குத்தான் கண் வைத்தாளாம், "இப்ப திருப்தியாம்மா?" என்று கேட்டாள். அவள் புடவை கடைக்கு வரும்போது, ஏற்கெனவே விற்றதைப் பார்த்து வரைந்தவள் என்று அவளையே சொல்வார்கள். பக்கத்தில் நின்று அவர் அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுக்கிறார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

நான் நினைப்பது தவறாக இருந்தால் மாப்பிள்ளையிடம் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. அதுவரை நீ யாரிடமும் சண்டை போடாதே, போனில் வேகப்படாதே, உனக்கு அந்த வேகம் உண்டு. மெயிலை அழிக்காமல் அமலாவுக்கு அனுப்பி வை, அந்த மெயிலுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் பதில் போடு. தையில் பானுவுக்கு வளைகாப்பு, அதைச் சொல்லி டிக்கெட் எடுத்து வந்து சேர். நாளை கண்ணாடி வாங்குகிற சாக்கில் மறுபடி வேலூர் போகிறேன், அமலா இதைப் படம் எடுத்து உனக்கு உடனே அனுப்புவாள், அசல் தபாலில் வரும். கிடைத்துவிட்டது என்றால் வருகிற ஞாயிறு வழக்கம்போலக் கூப்பிட்டு, கண்ணாடி மாத்திட்டியாம்மா என்று மட்டும் கேள், எனக்குப் புரியும். காலுறை இல்லாமல் வெளியே போகாதே. அந்த ரொட்டியையே மூன்று வேளையும் தின்னாதே. அப்பா ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கும்.

கடைசியாக ஒன்று நினைவில் வை. கான்வென்ட்டில் என் பெயர் வாயில் நுழையவில்லை என்று அபிதா என்று சுருக்கினார்கள், அதையே ஆங்கிலத்தில் கையெழுத்தாகப் போட்டுப் பழகிவிட்டேன். பேங்கிலும் பத்திரத்திலும் அந்த டிஸ்கிலும் இருப்பது அதுதான். இனி அது எந்தத் தாளில் வந்தாலும் போட்டது நான் இல்லை. இன்றிலிருந்து என் கையெழுத்து இது,

உன் அம்மா
மா. அபிதகுசாம்பாள்