மேக்கப் போடாத பிணம்

தோஹா

அன்புள்ள சீதாலட்சுமிக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலம்தானே? லீவில் வரும் பாண்டித்துரையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கவர் பிரிந்திருந்தால் எனக்குச் சொல்.

போன வெள்ளிக்கிழமை இங்கிலாந்துக்காரர்கள் நாலு பேர் எங்கள் கேம்புக்கு வந்தார்கள். செத்தவர்கள் எழுந்து நடக்கிற சிரிப்புப் படமாம், பிணமாக நடக்க ஆள் வேண்டுமாம். டைரக்டரே சாப்பாட்டுப் பொட்டலம் தூக்கி வந்ததால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கையெழுத்துக் கேட்ட காகிதத்தில் பாண்டித்துரை பெயரைத்தான் போட்டேன். அவனிடம் சொல்லிவிடாதே.

ஒரு வெள்ளைக்காரப் பெண் எல்லோர் முகத்திலும் சாம்பல் நிறம் பூசி, கண்ணுக்குக் கீழே கறுப்புத் தீட்டினாள். என் முறை வந்ததும் உற்றுப் பார்த்துவிட்டு, "ஓகே, ஓகே" என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஒங்களுக்கு எதுக்குண்ணே மேக்கப்பு? டூட்டி முடிச்ச மூஞ்சியே போதும்" என்றான் பாண்டித்துரை.

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அடுத்த மாதம் விசா புதுப்பிக்க மெடிக்கல் இருக்கிறது. பாண்டித்துரை திரும்பும்போது சத்துமாவு கொடுத்துவிடு.

டூட்டி பஸ் ஹாரன் அடிக்கிறது. ஒன்று மட்டும் மறைக்காமல் எழுது. அந்தப் படக்காரர்கள் வந்ததற்கு முந்தின வாரம் வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்ததும், போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏன் உள்ளே போனாய்?

உன்
கார்மேகம்